இரையைச் சீடனாக்கும் உபதேசம்

குளவி கொட்டக் கொட்டப் புழு குளவியாகிவிடும் என்று நம் பாட்டிமார் சொன்னது கட்டுக்கதை இல்லையாம். 2000ஆம் ஆண்டிலேயே மேல்நாட்டு விஞ்ஞானி ஒருவர் அதைச் சிலந்தியை வைத்து மெய்ப்பித்துவிட்டாராம். அண்மையில் ஒரு மாத இதழில் வந்த கட்டுரை இப்படித்தான் ஆரம்பிக்கிறது. வேதாந்திகள் ‘பிரமர கீட நியாயம்’ என்று சொன்னதும், சைவ சித்தாந்திகள் குருவருளுக்கு உவமை காட்டியதும் இனி ஆய்வுக்கூட உண்மை என்று அறிவித்துவிட்டு, ஆசிரியரிடம் மாணவன் எப்படி அடங்கி நடக்க வேண்டும் என்ற உபதேசத்தில் முடிகிறது. நடுவில் அறிவியல் என்ற பெயரில் நான்கு பத்திகள். அந்த நான்கு பத்திகளிலும் சரியாக இருப்பது ஆண்டு மட்டுமே.

உவமையோடு எனக்குச் சண்டை இல்லை. குருவின் அருகிலேயே இருப்பவன் குருவைப் போல ஆகிறான் என்று சொல்ல விரும்பியவர்கள், சுவரோரம் கண்ட குளவியைக் கைகாட்டினார்கள். அதை உவமையாகவே விட்டுவைத்திருந்தால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. கட்டுரையாளர் அதோடு நிற்கவில்லை. ‘நேச்சர்’ இதழைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியிருக்கிறார். சாட்சியை அழைத்துவந்தவர் குறுக்கு விசாரணைக்கும் தயாராக இருக்க வேண்டும்.

அவர் பெயர் சொல்லாமல் ‘மேல்நாட்டு விஞ்ஞானி’ என்று குறிப்பிடுபவர் வில்லியம் எபர்ஹார்ட். ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆய்வு நிறுவனத்திலும் கோஸ்டா ரிகா பல்கலைக்கழகத்திலும் இருந்துகொண்டு, சிலந்திகள் வலை கட்டும் விதத்தைப் பல ஆண்டுகள் கவனித்தவர். ‘நேச்சர்’ இதழில் அவர் எழுதியது இரண்டே பக்கம். அந்த இரண்டு பக்கத்தைப் படிக்கப் பொறுமை இல்லாதவர் அதன்மேல் நான்கு பத்தி எழுதியிருக்கிறார்.

அந்த இரண்டு பக்கத்தில் இருப்பது இதுதான். கோஸ்டா ரிகாவின் பசிபிக் கரைப் பக்கம், பாரிட்டா ஊருக்கு அருகே எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் உள்ளன. அங்கே லூகாஜ் அர்ஜிரா என்ற சிலந்தி வட்ட வலை கட்டி, அதன் மையத்தில் உட்கார்ந்திருக்கும். ஹைமெனோஎபிமெசிஸ் அர்ஜிராஃபாகா என்ற குளவி பறந்துவந்து அதைக் கொட்டுகிறது. சிலந்தி சிறிது நேரம் செயலற்றுக் கிடக்கும். அதற்குள் அதன் வயிற்றுப் பகுதியின் மேல் ஒரே ஒரு முட்டையை ஒட்டிவிட்டுக் குளவி போய்விடும். அதன் பிறகு குளவி திரும்பி வருவதே இல்லை. சிலந்தி எழுந்து, எதுவும் நடக்காததுபோல வலை கட்டுகிறது, பூச்சி பிடிக்கிறது, தின்கிறது. இரண்டு மூன்று நாளில் முட்டை பொரிந்து புழு வெளியே வரும். சிலந்தியின் தோலில் சிறு துளைகள் போட்டு, அதன் உடல்நீரை உறிஞ்சியபடி முதுகிலேயே ஒன்றிரண்டு வாரம் வளரும். ஒருநாள் இரவு சிலந்தி வழக்கமான வலையைக் கட்டாமல், சில இழைகள் மட்டுமே கொண்ட, பூச்சியே பிடிக்க முடியாத ஒரு தாங்கலைக் கட்டுகிறது. கட்டி முடித்ததும் புழு தோலுரித்துக்கொண்டு, சிலந்தியைக் கொன்று, மிச்சமிருக்கும் சாறு முழுவதையும் உறிஞ்சி, சக்கையைக் கீழே தள்ளுகிறது. மறுநாள் மாலை அதே இழைகளிலிருந்து தொங்கவிட்டபடி தன் கூட்டைப் பின்னிக்கொண்டு உள்ளே போகிறது.

கொட்டக் கொட்டக் குளவியான புழு இதில் எங்கே இருக்கிறது? கொட்டப்பட்டது சிலந்தி, அதுவும் ஒரே தடவை. கூட்டிலிருந்து வெளிவந்தது குளவியின் பிள்ளை. சிலந்தி குளவியாக மாறவில்லை, குளவியின் வயிற்றுக்குள் போயிற்று. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒருவர் கட்டுரை எழுதலாம். ஆனால் அதை வெளியிட்ட இதழில் ஒருவர்கூடவா கேட்கவில்லை?

அடுத்தது படம். கட்டுரையோடு அச்சாகியிருப்பது சுவரில் மண்கூடு கட்டும் குளவியின் படம். ஒல்லி இடுப்பு, கறுப்பும் மஞ்சளும் கலந்த உடல், வாயில் ஈரமண் உருண்டை. நம் வீடுகளில் ஜன்னல் சட்டத்திலும் காலண்டருக்குப் பின்னாலும் கூடு கட்டும் அதே ஆள். இன்று ஸ்கெலிஃப்ரான் மதராஸ்பட்டானம் எனப்படும், 1781இல் பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ் நம்மூர்ப் பெயரையே சூட்டிய குளவி அந்த வகைதான். கோஸ்டா ரிகா குளவிக்கும் இதற்கும் உறவு மிகத் தூரம். குடும்பம் வேறு, தொழில்முறையும் வேறு. மண்குளவி சிலந்தியை மொத்தமாக முடக்கி, தூக்கிவந்து, அறையில் அடைத்துப் பூட்டிவிடும். அதன்பின் அந்தச் சிலந்தி வலை கட்டாது. கட்ட வைக்கவும் யாருக்கும் தேவையில்லை. கோஸ்டா ரிகா குளவியோ சிலந்தியை அதன் வீட்டிலேயே விட்டுவிட்டு, தன் பிள்ளைக்காக அதுவே வேட்டையாடித் தின்று உடம்பைத் தேற்றட்டும் என்று போய்விடுகிறது. இரண்டையும் ஒன்றாக்கினால்தான் பாட்டி கதையையும் ‘நேச்சர்’ கட்டுரையையும் ஒரே நூலில் கோக்க முடியும். படத்தேர்வு தற்செயலா, தேவையா என்பதைக் கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும்.

பாட்டி கதை எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை அந்த மண்கூட்டுக்குள்ளேயே இருக்கிறது. காய்ந்த கூடு ஒன்றின் ஓர் அறையைக் கத்தி முனையால் பெயர்த்துப் பாருங்கள். விரல்கணு அளவுள்ள குழாய்க்குள் சின்னச் சின்னச் சிலந்திகள் கால்களை மடக்கியபடி நெருக்கி அடுக்கப்பட்டிருக்கும். பச்சை, சாம்பல், வெள்ளைப் புள்ளி என்று பல நிறம். குச்சியால் தொட்டால் ஒன்றிரண்டு காலை லேசாக அசைக்கும். செத்துப்போனவை அல்ல, கெட்டுப்போகாமல் இருப்பதற்காக உயிரோடு கிடப்பவை. அவற்றில் ஒன்றன் வயிற்றின்மேல் மட்டும் வெளிறிய, சற்றே வளைந்த முட்டை ஒன்று ஒட்டியிருக்கும். பானை வடிவில் கூடு கட்டும் இன்னொரு வகைக் குளவியின் கூட்டைப் பெயர்த்தால், சிலந்திக்குப் பதிலாகப் பச்சைப் புழுக்கள். கூட்டை உடைக்காமல் வெளியிலிருந்தே பார்ப்பவருக்குத் தெரிவது மூன்றுதான்: குளவி புழுவை உள்ளே கொண்டுபோனது, வாயை அடைத்தது, சில வாரம் கழித்து உள்ளிருந்து குளவி வந்தது. புழு குளவியானது என்று அவர் முடிவுகட்டினால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்ற நம்பிக்கையால் பல வீடுகளில் கூட்டைத் தொடவே விடுவதில்லை. உள்ளே பார்க்கும் வாய்ப்பும் அதோடு போயிற்று.

ஆனால் 2000ஆம் ஆண்டுக்குப் பிறகும் கூட்டின் வெளியிலேயே நின்றுகொண்டு, உள்ளே பார்த்தவரையே தன் பக்கத்துச் சாட்சி என்று அழைப்பவரை என்ன சொல்வது?

‘இந்த ரகசியத்தை நம் முன்னோர் மட்டுமே அறிந்திருந்தனர்’ என்று வேறு எழுதியிருக்கிறார். முதலில் ‘மட்டுமே’ தவறு. இதே உவமை, இதே குரு சீடர் பொருத்தத்தோடு, சீனத்தில் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உண்டு. யாங் சியோங் என்ற அறிஞர், குளவி புழுவைப் பார்த்து ‘என்னைப் போல ஆகு’ என்று ஓதிக்கொண்டே இருக்க, நாளடைவில் புழு அதைப் போலவே ஆகிவிடுகிறது என்று எழுதி, கன்ஃபூசியஸின் சீடர்கள் அவரைப் போல ஆனதற்கு அதை ஒப்பிட்டார். நம் கட்டுரையாளர் சொல்வதை வரிக்கு வரி அவர் முன்பே சொல்லிவிட்டார். சீனத்தில் கதை அங்கேயே நிற்கவில்லை என்பதுதான் முக்கியம். 456 முதல் 536 வரை வாழ்ந்த தாவோ ஹோங்ஜிங் என்ற மருந்தியல் அறிஞர், மூலிகை நூலுக்கு உரை எழுதும்போது இந்தக் குளவியின் கூட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதைக் குறித்துவைத்தார். தினையளவு முட்டை இடுகிறது, புல்லின்மேல் இருக்கும் பச்சைச் சிலந்திகளில் பத்துப்பன்னிரண்டைப் பிடித்து நிரப்புகிறது, வாயை அடைக்கிறது, அவை பிள்ளை வளர்ந்ததும் தின்பதற்கான உணவு. நாணல் குழாயில் கூடு கட்டும் இன்னொரு வகை பச்சைப் புழுவைக் கொண்டுவருகிறது என்பதையும் விடவில்லை. இந்தக் கதைக்கு அடிப்படையான பழஞ்சீனப் பாடலுக்குச் சொல்லப்பட்டுவந்த பொருள் தவறு என்றும் தயங்காமல் எழுதினார். அதற்கும் முன்னால், கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில், குளவிகள் சிலந்திகளைக் கொன்று சுவரிலுள்ள துளைக்குக் கொண்டுபோய், மண் பூசி, உள்ளே தம் புழுக்களை விடுவதையும் அவற்றிலிருந்து குளவிகள் வருவதையும் பதிவுசெய்துவிட்டார்.

ஆக, பண்டைக்காலத்தில் இரண்டு விதமானவர்களும் இருந்தார்கள். கூட்டுக்கு வெளியே நின்று தத்துவம் சொன்னவர்கள், கூட்டை உடைத்துச் சிலந்தியை எண்ணியவர்கள். முன்னோர் பெருமை பேசுகிறவர் முதல் வகையினரை மட்டும் முன்னோர் என்று எடுத்துக்கொள்வது அவர் விருப்பம். அதை அறிவியல் என்று விற்பதுதான் தொல்லை.

இனி அவருடைய நடுநாயகமான வாதத்துக்கு வருவோம். சிலந்தி தன் வாழ்நாளில் அறிந்திராத, அதன் குலத்திலேயே இல்லாத ஒரு புதிய வலையைப் புழு அதன் மனத்தில் ‘பதிக்கிறது’; ஆகவே இது உடலின் வேலை அல்ல, மனத்தோடு மனம் கலக்கும் வேலை என்கிறார். முழுக் கட்டுரையும் இந்த ஒரு வாக்கியத்தின் மேல் நிற்கிறது. அந்த வாக்கியம்தான் முழுப் பொய்.

வட்ட வலை கட்டுவது படிப்படியான வேலை. முதலில் சட்ட இழைகள், மையத்திலிருந்து ஆரங்கள், பிறகு தற்காலிகச் சுருள், கடைசியாக ஒட்டும் இழையால் நெருக்கமான சுருள். ஒவ்வொரு படிக்கும் சிலந்தியிடம் தனித்தனிச் செயல்வரிசை உண்டு. புழுவின் பிடியில் உள்ள சிலந்தி புதிதாக ஒன்றும் செய்யவில்லை. இந்த வரிசைகளில் ஒன்றன் தொடக்க அசைவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் செய்கிறது. மற்றவை எல்லாம் நின்றுவிடுகின்றன. கோலம் போட உட்கார்ந்தவள் புள்ளி வைத்துக்கொண்டே இருந்து, இழை இழுக்காமலே எழுந்துபோனால் எப்படியோ அப்படி. ஒரே வழியில் மறுபடி மறுபடி போய்வருவதால் இழைமேல் இழை படிந்து, ஆரங்கள் குறைந்தாலும் ஒவ்வொன்றும் கனமாகிறது. பூச்சி பிடிக்கத் தேவையான ஒட்டும் சுருள் இல்லை. அது இல்லாததால் காற்றில் வரும் குப்பையும் பூச்சியும் சிக்கி வலையை அறுப்பதும் குறைகிறது. கனமழை பெய்யும் ஊரில் தொங்கும் கூட்டுக்கு வேண்டியது இதுதான். இத்தனையும் அவர் சாட்சிக்கு அழைத்த அதே இரண்டு பக்கத்தை ஒட்டிய செய்தி. ‘குலத்திலேயே இல்லாத வலை’ என்பதை எங்கிருந்து எடுத்தார்?

ஜப்பானிலிருந்து வந்த செய்தி இதைவிடத் தெளிவானது. கெய்சோ தகாசுகாவும் உடன் பணியாற்றியவர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வு, சைக்ளோசா அர்ஜென்டியோஆல்பா என்ற சிலந்தியையும் ரெக்ளினெர்வெல்லஸ் நீல்செனி என்ற குளவியையும் பற்றியது. இந்தச் சிலந்திக்குப் புழு எதுவும் இல்லாத காலத்திலேயே இரண்டு வகை வலை உண்டு. ஒன்று வேட்டைக்கான வட்ட வலை. இன்னொன்று தோலுரிக்கும் நேரத்தில் பாதுகாப்பாகத் தங்குவதற்கான ஓய்வு வலை. இதில் ஒட்டும் சுருள் கிடையாது. சில இழைகளின் மேல் பஞ்சு போன்ற நூல் அலங்காரம் இருக்கும். அது புற ஊதா ஒளியைத் திருப்பி அனுப்புவதால், பறந்துவரும் பூச்சிகளும் பறவைகளும் மோதாமல் விலகிப் போக உதவும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. புழு கட்ட வைக்கும் வலை ஏறக்குறைய இதேதான், அந்த அலங்காரம் உட்பட. வேறுபாடு உறுதியில்தான். புழுவுக்காகக் கட்டியதன் இழைகள் சிலந்தி தனக்காகக் கட்டியதைவிட வலுவானவை.

ஆக, வலை சிலந்தியுடையது, பரம்பரையாக அதனிடமே இருப்பது. தோலுரிக்கும் காலம் வராதபோதே வந்துவிட்டதாக அதன் உடலை ஏமாற்றுவதுதான் புழுவின் வேலை. ஏமாற்றும் பொருள் எது என்பதற்கும் பதில் நெருங்கிவிட்டது. தோலுரித்தலை நடத்தும் ஹார்மோன் எக்டிசோன் வகையைச் சேர்ந்தது. பிரேசிலில் சைக்ளோசா சிலந்திகளில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், மாற்றிய வலையைக் கட்டிய சிலந்திகளின் உடலில் 20-ஹைட்ராக்சிஎக்டிசோன், புழு ஏறாத சிலந்திகளில் இருப்பதைவிடக் கூடுதலாக இருந்தது. அதைப் புழுவே உள்ளே செலுத்துகிறதா, சிலந்தியின் உடலைத் தூண்டிச் சுரக்கவைக்கிறதா என்று ஆய்வாளர்கள் விவாதிக்கிறார்கள். மனத்தோடு மனம் கலக்கிறதா என்று யாரும் விவாதிக்கவில்லை.

வேதிப்பொருள் ஒரு வலையை மாற்றும் என்பது புதுச் செய்தியும் இல்லை. 1948இல் ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரில் ஹான்ஸ் பீட்டர்ஸ் என்ற விலங்கியலாளருக்கு ஒரு சங்கடம். அவருடைய சிலந்திகள் விடியற்காலையில்தான் வலை கட்டின. படம் எடுக்கத் தூக்கம் கெட்டது. நேரத்தை மாற்ற ஏதாவது மருந்து கிடைக்குமா என்று மருந்தியலாளர் பீட்டர் விட்டிடம் கேட்டார். சிலந்திகள் நேரத்தை மாற்றிக்கொள்ளவில்லை. வலைதான் மாறியது. விட் பிறகு பல ஆண்டுகள் சிலந்திகளுக்கு விதவிதமான மருந்துகளைக் கொடுத்து வலைகளை அளந்தார். காபியில் இருக்கும் காஃபீன் கொடுத்த சிலந்தியின் வலை கோணல்மாணலாகிப் போனது. காபித்தூளுக்கும் சிலந்திக்கும் குரு சீட உறவு இருக்கிறது என்று இதுவரை யாரும் கட்டுரை எழுதவில்லை. இனி எழுதினாலும் வியப்பில்லை. மருந்து வலையைச் சிதைக்கிறது, புழு சிதைக்காமல் ஒரு பகுதியை மட்டும் பிசகின்றி எடுத்துக்கொள்கிறது. புழுவின் திறமை அங்கேதான் இருக்கிறது. உண்மையான வியப்பு கையருகே இருக்க, கட்டுரையாளர் அதைத் தாண்டிக்கொண்டு போய் ஒரு போலி வியப்பைக் கட்டிப்பிடித்திருக்கிறார்.

‘மனம்’ வாதத்தைத் தீர்த்துவைக்க ஒரு சோதனை உண்டு. அதையும் எபர்ஹார்டே செய்திருந்தார். வலை மாற வேண்டிய வேளை நெருங்கியபோது, சிலந்தியின் முதுகிலிருந்து புழுவை எடுத்துவிட்டார். புழுவின் நினைப்போ, அச்சமோ, அதன் அருகாமையோதான் காரணம் என்றால், எடுத்த உடனே சிலந்தி பழைய வலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. புழு இல்லாமலே அன்றிரவு அதே தாங்கலைக் கட்டியது. சில சிலந்திகள் மறுநாளும் கட்டின. மாறாக, சிலந்தி உள்ளூர வேறொன்றாகவே மாறிவிட்டது என்றால், திரும்பி வந்திருக்கவே கூடாது. ஆனால் அடுத்த இரவுகளில் சில சிலந்திகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறின. வலை மாறியபோது எந்த வரிசையில் மாறியதோ அதற்குத் தலைகீழ் வரிசையில் பழைய உறுப்புகள் வலையில் தோன்றின. உடம்பில் ஏறிய பொருள் ஒன்று மெல்ல மெல்லக் குறைவதற்கு இதைவிடப் பொருத்தமான அடையாளம் வேண்டுமா? நினைப்பு இப்படிப் படிப்படியாக வடிவதில்லை; ரூபாந்தரம் இப்படிப் பின்வாங்குவதும் இல்லை. கட்டுரையாளர் கைவசம் வைத்திருக்கும் இரண்டு விளக்கங்களையும் ஒரே சோதனை சாய்த்துவிட்டது. அந்தச் சோதனையைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

கட்டுரையின் மூன்றாவது பத்தியில்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. ஈக்வடோர் அமேசான் காட்டில் அனெலோசிமஸ் எக்சிமியஸ் என்ற சிலந்தி பெருங்கூட்டமாக ஒரே வலையில் வாழ்கிறது. கூட்டாக இரை பிடிக்கும், கூட்டாகக் குஞ்சு வளர்க்கும், கூட்டத்தைவிட்டு விலகுவது அரிது. ஜடிபோடா இனக் குளவியின் புழு ஏறிய சிலந்தி மட்டும் கூட்டத்தைவிட்டுத் தள்ளிப் போய், இலைத் துணுக்குகளையும் சேர்த்துத் தனியாக ஒரு மூடிய வலை பின்னி அசையாமல் இருக்கும். ஃபெர்னாண்டஸ்-ஃபூர்னியே குழுவினர் 2018இல் இதை வெளியிட்டார்கள். நம் கட்டுரையாளர் இதைத் ‘துறவு’ என்று எழுதுகிறார். உற்றாரைவிட்டு நீங்கி, ஏகாந்தத்தில், மௌனத்தில்! ஏகாந்தத்தில் அடுத்து என்ன நடந்தது என்பதை அவர் எழுதவில்லை. புழு சிலந்தியைத் தின்றுவிட்டு, அந்த மூடிய வலைக்குள் தன் கூட்டைப் பின்னிக்கொண்டது. கூட்டம் பெரிதாகப் பெரிதாகப் புழு ஏறிய சிலந்திகளும் அதிகம் என்று அந்த ஆய்வு சொல்கிறது. அவர் கணக்கின்படி, ஜனநெருக்கம் கூடக்கூடத் துறவிகள் பெருகுகிறார்கள் என்று அதற்கும் ஒரு பொருள் சொல்லிவிடலாம். தூண்டிலில் சிக்கிக் கரைக்கு வந்த மீனைத் தீர்த்தயாத்திரை வந்ததாக எழுதுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

குருவின் கருணையைப் பற்றியும் ஒரு பத்தி. கருணை என்ற சொல்லை இந்தக் குளவிக் குடும்பத்தின் பக்கத்தில் வைப்பதற்குத் துணிச்சல் வேண்டும். 1860 மே மாதம் டார்வின் அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரேக்குக் கடிதம் எழுதியபோது, கருணையும் எல்லா வல்லமையும் உள்ள ஒரு கடவுள் வேண்டுமென்றே இப்படி ஒன்றைப் படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்பதற்கு எடுத்துக்காட்டிய உயிர் எது தெரியுமா? இதே இக்நியூமோனிடே குடும்பக் குளவிகள்தான். உயிருள்ள புழுவின் உடலுக்குள் தம் பிள்ளைகளை வளர்ப்பவை. டார்வின் கொண்ட முடிவை எல்லோரும் ஏற்க வேண்டியதில்லை. பக்தி உள்ளவர்களே இந்தக் குளவியின் முன் வந்தால் தடுமாறுகிறார்கள் என்பதாவது நினைவில் இருக்க வேண்டாமா? கட்டுரையாளருக்குத் தடுமாற்றமே இல்லை. இன்னொரு செய்தியும் அவர் காதுக்கு எட்டவில்லை போலும். ஜப்பானில் ஜடிபோடா அல்பிகோக்சா என்ற குளவி, தான் பிடித்த சிலந்தியின் மேல் வேறொரு குளவியின் முட்டையோ புழுவோ முன்பே இருந்தால், அதை அகற்றிக் கொன்றுவிட்டுத் தன் முட்டையை இடுகிறது. 2011இல் வெளியான செய்தி. சீடரைப் பிடித்துக்கொள்வதற்காக முந்தைய குருவின் பிள்ளையைக் கொல்லும் மரபு எந்த மடத்தில் இருக்கிறது என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்.

கடைசிப் பத்தியில் மாணவர்களுக்கு அறிவுரை. சிலந்தி குளவிப் புழுவிடம் தன்னை ஒப்படைத்ததுபோல ஆசிரியரிடம் தன்னை முழுமையாக ஒப்படைப்பவனே உயர்வான் என்கிறார். சிலந்தி ஒப்படைக்கவில்லை, கொட்டு வாங்கிச் செயலிழந்தபோது அதன்மேல் முட்டை ஒட்டப்பட்டது. உயரவும் இல்லை, சக்கையாகித் தோட்டத்து மண்ணில் விழுந்தது. எபர்ஹார்டின் சோதனையில் தேறி, மறுபடி வட்ட வலை கட்டியவை எவை என்று பார்த்தால், முதுகிலிருந்த புழு பிடுங்கி எறியப்பட்ட சிலந்திகள்தான். இந்த எடுத்துக்காட்டை வைத்து மாணவர்களுக்கு எதையாவது சொல்லியே தீர வேண்டும் என்று கட்டுரையாளர் பிடிவாதம் பிடித்தால், அவர் சொல்ல நேர்வது ஆசிரியர்களுக்கு அவ்வளவு இனிக்காது.

இந்தக் கட்டுரையைத் தொகுப்பு நூலில் சேர்க்கப்போவதாக அதே இதழில் ஓர் அறிவிப்பும் வந்திருக்கிறது. சேர்ப்பதானால் ஆண்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் திருத்த வேண்டியிருக்கும். அது நடக்காத காரியம். குறைந்தபட்சம் படத்தையாவது மாற்றுங்கள். அந்த மண்குளவி எவருக்கும் குருவாக இருந்ததில்லை. அதன்மேல் இந்தப் பழியும் வேண்டாம்.